ஒரு பானை சோறும் ஊர் மகசூலும்

புள்ளியியல்னு சொன்னா, அது காலேஜ் பிள்ளைங்க படிக்கிற பாடம், நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நம்ம ஆளுங்க பலபேர் ஒதுங்கிப் போயிடுறாங்க. என் கருத்து வேற. சம்பா பொய்த்துப்போற வருஷத்துல நம்ம கைக்குக் காப்பீட்டுப் பணம் வருமா வராதான்னு முடிவு பண்றது மழையும் பூச்சியும் மட்டும் இல்லை. ஒரு சராசரிக் கணக்குதான் கடைசி முடிவைச் சொல்லுது. அந்தக் கணக்கு எப்படிப் போடுறாங்கன்னு தெரியாமலே நாம டீக்கடையில உட்கார்ந்து, "பக்கத்து ஊருக்கு வந்துச்சு, நமக்கு மட்டும் சைபர்"னு பேசிக்கிட்டு இருக்கோம். பேசுறதுல தப்பில்லை. ஆனா கணக்கு தெரிஞ்சு பேசினா அந்தப் பேச்சுக்கு ஒரு பலம் இருக்கும்.

முதல்ல புள்ளியியல்னா என்னன்னு நம்ம பாஷையில சொல்லிடுறேன். எல்லாத்தையும் எண்ணவோ அளக்கவோ முடியாத இடத்துல, கொஞ்சத்தை மட்டும் எடுத்து அளந்து, அதை வச்சு மொத்தத்தைப் பத்தி நியாயமாப் பேசுறதுக்கான வழி. அவ்வளவுதான். வீட்டுல சோறு வடிக்கிறப்போ ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாங்களே, அது புள்ளியியல். வியாபாரி குத்தூசியை மூட்டையில விட்டு நாலு நெல்லை உருவிப் பார்க்கிறாரே, அதுவும் அதேதான். கொள்முதல் நிலையத்துல ஒரு கைப்பிடி நெல்லை மீட்டர்ல போட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு உள்ளே இருக்கான்னு பார்க்கிறாங்களே, அதுவும் அந்த வகைதான்.

இங்கதான் ஒரு கேள்வி வருது. அந்தக் கைப்பிடியைக் குவியலோட எந்த இடத்துல இருந்து எடுத்தாங்க? வெயில் பட்ட மேல்நெல்லா, இல்ல அடியில புழுங்கிக் கிடக்கிற நெல்லா? மேலே எடுத்தா 16 காட்டும், அடியில எடுத்தா 20 காட்டும். ரெண்டும் ஒரே குவியல்தான், மீட்டரும் ஒண்ணுதான். ஆகவே எவ்வளவு எடுத்தோம்கிறதை விட எங்க இருந்து எடுத்தோம்கிறதுதான் பெரிய விஷயம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு நம்ம பெரியவங்க சொன்னது சரியான வார்த்தை. ஆனா அது பானைக்குச் சரி. பானையில எல்லா அரிசிக்கும் ஒரே தண்ணி, ஒரே கொதி. கரண்டியால துழாவியும் விடுறோம். அதனால எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஒண்ணுதான். ஊர் வயல் அப்படியா? வாய்க்கால் தலைப்புல இருக்கிற வயலுக்கு முதல் தண்ணி. கடைமடைக்கு வர்றப்போ பாதி வத்திடும். மேட்டுல ஒரு வயல், பள்ளத்துல ஒரு வயல். ஒருத்தர் குறுகிய கால ரகம், இன்னொருத்தர் நீண்ட கால ரகம். ஊரைக் கரண்டி போட்டுத் துழாவ முடியாது. அதனாலதான் ஒரு வயலைப் பார்த்து ஊரைச் சொல்லக்கூடாது. நாலு இடத்துல பார்க்கணும், அந்த நாலு இடத்தையும் எந்த மனுஷனும் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிற மாதிரிதான் எடுக்கணும்.

இனி காப்பீட்டுக் கணக்குக்கு வர்றேன்.

பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டம் 2016-ல வந்துச்சு. சம்பா நெல்லுக்கு நாம கட்டுறது காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் கட்டுது. இதுல பலபேருக்குப் புரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. மகசூல் இழப்புக்கான பணத்தை அவங்கவங்க வயலைத் தனித்தனியாப் பார்த்துக் கொடுக்கிறதில்லை. ஊருக்கே ஒரு சராசரி. அந்தச் சராசரி ஒரு கோட்டுக்குக் கீழே போனா, ஊர்ல காப்பீடு செஞ்ச எல்லாருக்கும் ஒரே விகிதத்துல பணம். கோட்டுக்கு மேலே இருந்தா யாருக்கும் இல்லை. என் வயல் மொத்தமாப் போயிருந்தாலும், ஊர்ச் சராசரி நல்லா இருந்தா எனக்கு ஒண்ணும் கிடையாது. என் வயல் நல்லா விளைஞ்சிருந்தாலும், ஊர் விழுந்திருந்தா எனக்கும் பணம் உண்டு.

அந்தக் கோட்டை எப்படிப் போடுறாங்க? முந்தைய ஏழு வருஷ மகசூலை எடுக்கிறாங்க. அதுல ரெண்டு மோசமான வருஷத்தைத் தள்ளிட்டு, மிச்சம் அஞ்சு வருஷத்துக்குச் சராசரி. அதுல 70, 80, 90 சதவீதம்னு அறிவிப்புல எது இருக்கோ அதைப் போட்டா வர்றதுதான் அந்தக் கோடு. உத்தரவாத மகசூல்னு சொல்றாங்க.

இந்த வருஷ மகசூலை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ஊர்ல இருக்கிற எல்லாருடைய கண்டுமுதலையும் களத்துல நின்னு எடைபோட முடியாது. அதனால பயிர் அறுவடைப் பரிசோதனை. நெல்லு மாதிரி முக்கியப் பயிருக்கு ஊர் அளவுல குறைஞ்சது நாலு இடத்துல செய்யணும்கிறது விதி. ஒவ்வொரு இடத்துலயும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம், அதாவது 25 சதுர மீட்டர். நம்ம டெல்டா கணக்குல ரெண்டு குழிக்கும் கொஞ்சம் குறைவு. அதுக்குள்ள இருக்கிற நெல்லை அறுத்து, அடிச்சு, தூத்தி, எடை போடுறாங்க. காயவச்சா எடை எவ்வளவு குறையும்னும் பார்த்துக் கழிச்சுக்கிறாங்க. ஒரு ஹெக்டேர்ல இந்த மாதிரி 400 சதுரம் அடங்கும். அதனால சதுரத்துல கிடைச்ச கிலோவை 400-ஆல பெருக்கினா ஹெக்டேர் மகசூல். ஏக்கருக்கு வேணும்னா சுமார் 162-ஆல பெருக்கிக்கலாம்.

இப்ப ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வச்சது. கணக்கு முறை மட்டும் நிஜம்.

ஏழு வருஷ மகசூல், ஹெக்டேருக்குக் கிலோவுல: 5000, 4600, 2400, 4800, 1500, 5200, 4900. 1500-ஐயும் 2400-ஐயும் தள்ளிடுவோம். மிச்சம் அஞ்சையும் கூட்டினா 24,500. சராசரி 4900. அதுல 80 சதவீதம்னு வச்சா கோடு 3920 கிலோ.

இந்த வருஷம் நாலு சதுரத்துல காஞ்ச எடை 10 கிலோ, 9 கிலோ, 12 கிலோ, 5 கிலோ. மொத்தம் 36. சராசரி 9 கிலோ. 400-ஆல பெருக்கினா 3600. கோட்டுக்கு 320 கிலோ குறைவு. 320-ஐ 3920-ஆல வகுத்தா 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 35,000 ரூபாய்னு வச்சா, ஏக்கருக்கு சுமார் 2,857 ரூபாய் வரணும். ஊர்ல 500 ஏக்கர் காப்பீடு ஆகியிருந்தா 14 லட்சத்துக்கு மேல.

அந்த நாலாவது சதுரம் இருக்கே, 5 கிலோ வந்தது, அது கடைமடை வயல்னு வச்சுக்குங்க. சேறு மிதிச்சு அவ்வளவு தூரம் யார் போறது, ரோட்டோரமா இருக்கிற வயல்லயே அறுத்துடலாம்னு ஒருத்தர் முடிவு பண்றார்னு வைங்க. அங்க 9 கிலோ வருது. இப்ப மொத்தம் 40. சராசரி 10. 400-ஆல பெருக்கினா 4000. கோடு 3920. ஊர் கோட்டுக்கு மேலே போயிடுச்சு. பணம் சைபர்.

ஒரு சதுரத்துல நாலு கிலோ நெல்லு கூடினதுக்கு ஊர் இழக்கிறது 14 லட்சம். இதுல யாரும் பொய் எழுதலை. தராசு சரி. பெருக்கல் சரி. போட்டோவும் இருக்கு. எடுத்த இடம் மட்டும்தான் தப்பு. புள்ளியியல் நமக்கு எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில் இந்த நாலு கிலோதான்.

அதனாலதான் இடம் தேர்வு செய்யறதுக்கு அவ்வளவு கறாரான விதி வச்சிருக்காங்க. எந்த சர்வே நம்பர்னு முன்கூட்டியே எண் பட்டியலை வச்சுக் குலுக்கல் முறையில எடுக்கணும். வயலுக்குள்ள போனதும் தென்மேற்கு மூலையில இருந்து ஆரம்பிக்கணும். நீளவாக்குல இத்தனை, அகலவாக்குல இத்தனைன்னு அதுவும் குலுக்கல் எண்தான். அங்க போய் முளைக்குச்சி அடிக்கணும். அந்த இடத்துல பயிர் செழிச்சு நின்னாலும் சரி, எலி வெட்டிக் கிடந்தாலும் சரி, அங்கதான் சதுரம். "இங்க நல்லா இல்லையே, கொஞ்சம் தள்ளிக்குவோம்"னு நகர்த்தினா பரிசோதனை அங்கேயே செத்துப்போச்சு. "இங்க ரொம்ப நல்லா இருக்கே, அந்தப் பக்கம் தள்ளுங்க சார்"னு நம்ம ஆளுங்க நகர்த்தச் சொன்னாலும் அதே கதிதான்.

சதுரம் சதுரமா இருக்கான்னு பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நாலு பக்கமும் 5 மீட்டர் இருந்தா மட்டும் போதாது, கயிறு கோணலாப் போனா பரப்பு குறைஞ்சிடும். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்க. 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வரணும். ரெண்டு பக்கக் குறுக்களவும் ஒண்ணா இருந்தா சதுரம் சரி.

25 சதுர மீட்டர் எதுக்கு, ஒரு மீட்டர் சதுரம் போதாதான்னு கேட்கலாம். இந்தச் சண்டை நம்ம நாட்டுலயே பெரிய ஆளுங்களுக்கு நடுவுல நடந்திருக்கு. கல்கத்தாவுல 1931-ல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கின பி.சி. மஹலனோபிஸ், வங்காளத்துல பயிர் மதிப்பீட்டுக்குச் சின்னச் சின்னத் துண்டா வெட்டினா போதும், செலவும் குறைவு, நிறைய இடமும் பார்க்கலாம்னு சொன்னார். 1940-கள்ல பி.வி. சுகாத்மேயும் வி.ஜி. பன்சேயும், துண்டு சின்னதா இருந்தா மகசூல் கூடுதலாக் காட்டுதுன்னு எடுத்துக்காட்டினாங்க. காரணம் நமக்கெல்லாம் தெரிஞ்ச காரணம்தான். கயிறு மேல நிக்கிற குத்தை எந்தப் பக்கம் சேர்க்கிறது? அறுக்கிற கை அதை உள்பக்கம்தான் இழுக்கும். 5 மீட்டர் சதுரத்துக்கு ஓரம் 20 மீட்டர், பரப்பு 25. ஒரு மீட்டர் சதுரத்துக்கு ஓரம் 4 மீட்டர், பரப்பு ஒண்ணுதான். அப்போ ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஓரம் அஞ்சு மடங்கு அதிகம். ஓரம் கூடினா, ஓரத்துல இழுத்துப்போடுற குத்தும் கூடும். நாற்பதுகள்ல நடந்த அந்த வாதத்தோட பலன் இன்னைக்கு நம்ம வயல்ல கயிறா விழுது. மஹலனோபிஸ் பிறந்த ஜூன் 29-ஐத்தான் 2007-ல இருந்து தேசிய புள்ளியியல் தினமாக் கொண்டாடுறாங்க.

சராசரியைப் பத்தி இன்னொண்ணும் சொல்லணும். சராசரி ஒரு எண்தான், அதுக்குப் பின்னாடி நிறைய மறைஞ்சிருக்கும். 9, 9, 9, 9-க்கும் சராசரி 9. 14, 12, 8, 2-க்கும் சராசரி 9. முதல் ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரி சமாளிச்சுடுவாங்க. ரெண்டாவது ஊர்ல ரெண்டு கிலோ வந்த ஆள் கடன் வாங்கப் போகணும். 2015-16 வேளாண் கணக்கெடுப்புல இந்தியாவுல ஒரு விவசாயிக்குச் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். அதே கணக்கெடுப்புல 100-க்கு 68 பேர் ஒரு ஹெக்டேருக்குக் கீழேதான் வச்சிருக்காங்க, அவங்களோட சராசரி 0.38 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் கீழே. 1.08-ஐ மட்டும் மனசுல வச்சு ஒருத்தர் திட்டம் போட்டா, அது பெரும்பாலான ஆளுங்களுக்குப் பொருந்தாத சட்டை.

மழையும் அப்படித்தான். பல வருஷச் சராசரியில 19 சதவீதம் கூடினாலும் குறைஞ்சாலும் வானிலைத் துறை அதை "இயல்பான மழை"ன்னுதான் சொல்லும். அது அவங்க வகைப்படுத்தற முறை, தப்புன்னு சொல்லலை. ஆனா ஐப்பசி முழுக்க வானம் பார்த்துட்டு, கதிர் வர்ற நேரத்துல நாலு நாள்ல எல்லாத்தையும் கொட்டித் தீர்த்தாலும் கூட்டிப் பார்த்தா இயல்புதான். "இயல்பான மழைதானே பெய்ஞ்சிருக்கு, அப்புறம் எப்படிப் பயிர் போச்சு"ன்னு யாராவது கேட்டா, மழை அளவை மட்டும் சொல்லாதீங்க, எத்தனை நாள்ல பெய்ஞ்சதுன்னு சேர்த்துக் கேளுங்கன்னு பதில் சொல்லத் தெரியணும்.

இதுக்குப் பெரிய படிப்பு வேணாம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துல கடைசிப் பாடம் புள்ளியியலும் நிகழ்தகவும்தான். வீச்சு, திட்ட விலக்கம் எல்லாம் அதுல இருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளைங்க அதை மார்க்குக்காகப் படிச்சுட்டு மறந்துடுறாங்க. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஊரோட நாலு சதுரத்தையும் கொடுத்துச் சராசரி போடச் சொல்லுங்க. பாடமும் புரியும், ஊருக்கும் ஒரு கணக்குப்பிள்ளை கிடைப்பான்.

கணக்கே ஏமாத்துன்னு சொல்ற நண்பர்களும் உண்டு. அவங்க கோபம் எனக்குப் புரியுது. நாலே சதுரத்தை வச்சு ஒரு ஊரையே எடை போடுறது போதுமான்னு எனக்கும் கேள்வி இருக்கு. தலைப்பும் கடைமடையும் இவ்வளவு வித்தியாசமா இருக்கிற ஊர்ல இன்னும் கூடுதல் இடத்துல அறுத்துப் பார்க்கணும்னுதான் நான் சொல்வேன். செயற்கைக்கோள் படமும் இப்ப உதவிக்கு வருது. ஆனா படம் சொல்றது சரியான்னு சோதிச்சுப் பார்க்கவும் தரையில அறுத்த நெல்லுதான் வேணும். கணக்கே வேணாம்னு தூக்கிப் போட்டா அடுத்து என்ன? யாருக்கு எவ்வளவுன்னு யாரோ ஒருத்தர் வாயால சொல்வார். அந்த வாய்க்குப் பக்கத்துல நிக்க முடிஞ்சவனுக்குத்தான் கிடைக்கும். சின்ன விவசாயிக்குக் கணக்குதான் பாதுகாப்பு.

அதே மாதிரி நம்ம பக்கம் நடக்கிற ஒரு தப்பையும் பேசணும். பயிர் போன இடமாப் பார்த்து அறுக்கச் சொல்லி நெருக்கினா இந்த வருஷம் பணம் வரலாம். ஆனா இன்னைக்கு எழுதுற மகசூல்தான் நாளைக்கு ஏழு வருஷக் கணக்குல ஏறும். மோசமான ரெண்டு வருஷத்தைத்தான் தள்ளுவாங்க. மூணாவது, நாலாவது தடவையும் குறைச்சு எழுத வச்சா, நம்ம ஊர்க் கோடு தானே கீழே இறங்கிடும். அப்புறம் நிஜமாவே பயிர் போற வருஷம் நாம அந்தத் தாழ்ந்த கோட்டுக்கு மேலதான் நிப்போம், ஒரு பைசா வராது. நமக்கு வேண்டியது கூடின எண்ணும் இல்லை, குறைஞ்ச எண்ணும் இல்லை. உள்ளது உள்ளபடி.

ஆகவே நான் சொல்ல வர்றது இது. அறுவடைக்கு முன்னாடியே நம்ம ஊர்ல எந்தெந்த சர்வே நம்பர்ல பரிசோதனைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. அன்னைக்கு ஊர்ல நாலு பேர் போய் நில்லுங்க. சண்டை போட வேணாம், இடையூறும் பண்ண வேணாம், பாருங்க போதும். மூலைக்கு மூலை டேப் பிடிங்க. நாலு இடத்து ஈர எடையையும் ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, காஞ்ச எடையையும் பின்னாடி கேட்டு எழுதிக்குங்க. நாலு எண்ணும் கையில இருந்தா, மேல நான் போட்ட கணக்கை வீட்டுல உட்கார்ந்து அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம். கேட்டும் சொல்லலைன்னா தகவல் உரிமைச் சட்டம் 2005-ல இருந்து இருக்கு, எழுதிக் கேளுங்க.

மழையையும் குறிச்சு வைங்க. வாயும் அடியும் ஒரே அகலத்துல நேரா இருக்கிற பாத்திரத்தைத் திறந்த வெளியில வச்சு, காலையில ஸ்கேல் விட்டுப் பார்த்தா எத்தனை மில்லிமீட்டர்னு தெரிஞ்சுடும். ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர் தண்ணி. தேதி போட்டு எழுதுங்க.

அரசாங்கத்துக்கும் ஒரே ஒரு கோரிக்கை. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலயும் அஞ்சு விவரம் எழுதிப் போட்டா போதும்: எந்த சர்வே நம்பர், ஈர எடை எவ்வளவு, காஞ்ச எடை எவ்வளவு, ஊர்ச் சராசரி எவ்வளவு, உத்தரவாத மகசூல் எவ்வளவு. ஒரு சாக்பீஸ் செலவுதான். அது எழுதியிருந்தா பாதிச் சந்தேகம் தீர்ந்துடும். மீதிப் பாதியை நாமே கணக்குப் போட்டுத் தெரிஞ்சுக்குவோம்.

சம்பா அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரு நோட்டும், ஒரு 10 மீட்டர் டேப்பும் வாங்கி வச்சிடுங்க.